உண்மையாளர், மறதியுள்ளவர்

பகலில் எனக்குத் தொழில் விசாரணை.
வின்னிபெக், பெம்பினா நெடுஞ்சாலை,
மூன்றாம் மாடியில் வாடகை நிறுவனம்.
வீடு கேட்டு வந்தவர்களின்
பழைய வீட்டுக்காரர்களை அழைத்துக் கேட்பேன்:
வாடகை ஒழுங்காக வந்ததா,
சுவரில் ஓட்டை போட்டாரா,
திரும்பவும் வீடு கொடுப்பீர்களா.
கடைசிக் கேள்விக்கு வரும் மௌனத்தைத்தான்
நான் எழுதிக்கொள்வேன்.

இரவில் வாசிப்பதும் விசாரணைதான்.
நபிமொழியைக் கைமாற்றித் தந்தவர்களின்
பெயரடைவு, ஆறு பாகம்,
பள்ளிவாசல் அடித்தளத்தில் யாரோ விட்டுப்போனது.
அகராதியை மடியில் வைத்து
எழுத்துக்கூட்டிப் போகிறேன்.
ஒரு மனிதனுக்கு இரண்டு வரி.
யாரிடம் கேட்டான், யாருக்குச் சொன்னான்,
அப்புறம் தீர்ப்பு:
உறுதியானவர்.
உண்மையாளர்.
உண்மையாளர், மறதியுள்ளவர்.
பலவீனமானவர்.
விடப்பட்டவர்.

ஒருவருக்கு மட்டும் நான்கு வரி.
வீடு தீப்பிடித்து ஏடுகள் எரிந்தன;
பிறகு நினைவிலிருந்து சொன்னார், பிசகினார்;
தீக்கு முன் கேட்டவர்களிடம் எடுத்துக்கொள்க,
பின் கேட்டவர்களிடம் வேண்டாம்.
மறுநாள் அந்தத் தீயை
மனசில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் போனேன்.

இது புறம் பேசுவது ஆகாதா என்று
அவர்களிடமே யாரோ கேட்டிருக்கிறார்கள்.
ஆகாது என்றார்களாம்.
சொல்லாமல் விட்டால்
பொய் ஒன்று சட்டமாகி
எங்கோ ஒரு பெண்ணின் பங்கைக் குறைத்துவிடும்.

ஜனவரி. இஷாவுக்குப் பிறகு ஓர் அழைப்பு.
சஸ்கடூனிலிருந்து ருமைஸா.
"நீங்க முஸம்மிலோட..." என்று இழுத்தாள்.
"இருந்தேன்," என்றேன்.
அவளைப் பெண் கேட்டிருக்கிறார்களாம்.
வாப்பா விசாரித்தது போதவில்லை,
தானே கேட்கிறாள்.
கெட்டிக்காரி. நானும் கேட்டிருக்கலாம்.

அத்தனை தரங்களும்
நாக்கு நுனியில் வந்து வரிசையாக நின்றன.
விடப்பட்டவர் என்று சொல்ல எவ்வளவு ஆசை.

ஆனால் அந்த மனிதர் பொய் சொன்னதில்லை.
சம்பளத்தில் ஒரு சதம் மறைத்ததில்லை.
மஹர் பாக்கியைப் பிரிந்த மறுவாரமே கொண்டுவந்து
எண்ணிப் பார்க்கச் சொல்லி நின்றார்.
மறந்தார், அவ்வளவுதான்.
கார் எஞ்சினைச் சூடேற்றும் வயரைச் செருக மறந்தார்,
என் பரீட்சைத் தேதியை மறந்தார்,
மைனஸ் முப்பத்திரண்டில்
கிளினிக் வாசலில் என்னை மறந்தார்,
வயிற்றில் இனி ஒன்றும் இல்லை என்று
டாக்டர் சொல்லி அனுப்பிய அன்று.
நாற்பது நிமிடம்.

"உண்மையாளர்," என்றேன். "மறதியுள்ளவர்."
அவள் பேனா ஓடுவது கேட்டது.
"எவ்வளவு மறதி?"

வாய் திறந்தேன், மூடினேன்.
நாற்பதா?
கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றேனா, வெளியேயா?
முதல் வருடம் தங்கையிடம்
இருபது என்றுதான் சொன்ன ஞாபகம்.
ஒவ்வொரு குளிருக்கும் ஐந்தைந்தாகக் கூடியிருக்கிறது.
பகையுள்ளவரின் சாட்சி செல்லாது என்று
கிதாபுகள் சொல்வது
எதிராளியைக் காக்க மட்டும்தான் என்று
இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

"தங்கச்சி," என்றேன்,
"நான் சொல்றது தீக்குப் பிந்தினது."

அவளுக்கு விளங்கவில்லை.
நானும் விளக்கவில்லை.
ரெஜைனாவில் அவரோடு ஒரே அறையில் தங்கிய
இரண்டு பேரின் நம்பர் கொடுத்தேன்.
என்னைக் கட்டுவதற்கு முன் அவரை அறிந்தவர்கள்.

சலாம் சொல்லப் போனவள் நின்றாள்.
"ஒன்று மட்டும்.
திரும்பவும் அவரே வந்து கேட்டா,
கட்டுவீங்களா?"

வெளியே பனி அள்ளும் வண்டி
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போனது.
மறுமுனையில் பேனா ஓடியதா நின்றதா,
சொன்னால் நம்பாதீர்கள்.
அதற்கு நான் ஒருத்திதான் அறிவிப்பாளர்.